நுனியில் ஒரு நைட்ரஜன்

என் தாய்மாமன் பவானியில் ஜமக்காளம் நெய்தவர். வீட்டின் முன்கட்டிலேயே குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டால் கைக்கு ஒரு வேலை, கண்ணுக்கு ஒரு வேலை என்று மனம் அவற்றின் பின்னாலேயே ஓடும். காலைப் பற்றி மட்டும் நெய்கிறவர் நினைப்பதே இல்லை. அது தன்பாட்டுக்கு மிதியை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருக்கும்.

அவருக்கு டி.பி. என்று தெரிந்து மருந்து தொடங்கி மூன்றாவது மாதம். இருமல் அடங்கியிருந்தது. சாயங்காலக் காய்ச்சல் நின்றிருந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை ஏறியிருந்தது. தறியில் மறுபடி உட்கார்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் நான் போயிருந்தபோது ஓடத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “மாப்ள, மிதியத் தொடறது என்ற காலாட்டவே இல்ல. வேற ஆரோ மிதிக்கறாப்பல இருக்குது.” உள்ளங்காலில் எரிச்சல். விரல்களில் மதமதப்பு. ராத்திரியில் போர்வை பட்டாலே சுரீர் என்கிறது. நோய் காலுக்கு இறங்கிவிட்டது என்று அத்தை அழுதார்.

நான் அப்போது கல்லூரியில் வேதியியல் இரண்டாமாண்டு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மருந்து கொடுத்த இடத்தில் பெரிய மாத்திரைகளோடு ஒரு சின்ன மாத்திரையையும் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ‘சத்து மாத்திரை’ என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். சத்துதானே, தன்னைவிட மகளுக்குத்தான் அது வேண்டும் என்று மாமா முடிவு செய்திருக்கிறார். மூன்று மாதமாக அந்த மாத்திரையைத் தின்றது எட்டு வயதுப் பெண் குழந்தை.

பிறகு நான் வேதியியல் ஆசிரியன் ஆனேன். மருந்தின் அமைப்புக்கும் அது உடலில் செய்யும் வேலைக்கும் என்ன தொடர்பு என்ற பாடத்துக்கு வரும்போதெல்லாம், பாடநூல் என்ன எடுத்துக்காட்டு தந்திருந்தாலும் நான் கரும்பலகையில் வரைவது ஐசோநியாசிட்டைத்தான். மாமாவின் நெஞ்சைக் காப்பாற்றியதும் அதுதான், காலைப் பறித்ததும் அதுதான். இரண்டையும் செய்தது அந்த மூலக்கூறின் ஒரே இடம். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வரைவதற்கு அரை நிமிடம் போதும். ஒரு அறுகோண வளையம். ஐந்து மூலைகளில் கார்பன், ஒரு மூலையில் நைட்ரஜன். இந்த வளையத்துக்குப் பிரிடின் என்று பெயர். நைட்ரஜனுக்கு நேர் எதிர்மூலையிலிருந்து ஒரு வால் நீளும். வாலில் முதலில் ஆக்சிஜனைச் சுமந்த ஒரு கார்பன், அடுத்து ஒரு நைட்ரஜன், அதன் நுனியில் இன்னொரு நைட்ரஜன். அவ்வளவுதான். எல்லா அணுக்களையும் எண்ணினால் 17. டி.பி. சிகிச்சையில் இதனோடு கூடவே கொடுக்கப்படும் ரிஃபாம்பிசினில் 117 அணுக்கள். எடையில் ஐசோநியாசிட்டைப் போல ஆறு மடங்கு. அந்த யானைக்குப் பக்கத்தில் இது ஒரு அணில்.

சிறியதாக இருப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. நீரில் எளிதில் கரையும். குடலிலிருந்து மளமளவென்று இரத்தத்துக்குப் போகும். பல மருந்துகளைத் தடுத்து நிறுத்தும் மூளையின் எல்லையையும் கடந்துவிடும். அதனால்தான் மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயிலும் இதற்கு இடமிருக்கிறது. காசநோய்க் கிருமி மெழுகு பூசிய கோட்டைச் சுவருக்குள் வாழ்வது. அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போவதற்கும் இந்தச் சின்ன உருவம் உதவுகிறது.

வாலின் கடைசியில் இரண்டு நைட்ரஜன்கள் ஒட்டி நிற்பதுதான் இந்த மூலக்கூறின் உயிர்நிலை. நைட்ரஜனோடு நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பில் கட்டுண்டு நிற்பது சுகமான ஏற்பாடல்ல. இரண்டிடமும் பங்குக்குப் போகாத எலெக்ட்ரான் சோடி ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சோடிகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால் நுனி நைட்ரஜன் தன்னிடமிருப்பதை யாருக்காவது கொடுக்கத் துடித்துக்கொண்டே இருக்கிறது. இந்தச் சோடி நைட்ரஜன்களின் தாய்ப்பொருள் ஹைட்ரசின். திருநெல்வேலிப் பக்கம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் விகாஸ் ராக்கெட் எந்திரம் எரிப்பது ஹைட்ரசின் குடும்பத்து எரிபொருளைத்தான். நாம் விழுங்கும் மாத்திரையில் அந்த நெருப்பின் ஒரு பொறி அடக்கிவைக்கப்பட்டிருக்கிறது.

இந்த மூலக்கூறை முதலில் செய்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. 1912இல் பிராக் நகரத்து ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் மேயர் என்ற பேராசிரியரும் யோசஃப் மாலி என்ற மாணவரும் இதைத் தயாரித்தார்கள். மாலிக்கு முனைவர் பட்டம் வேண்டும். பட்டத்துக்குப் புதிய சேர்மங்கள் வேண்டும். செய்தார்கள், உருகுநிலை பார்த்தார்கள், எழுதி அச்சிட்டார்கள். அதற்கு மேல் அதன்மீது யாருக்கும் அக்கறை இல்லை. நாற்பது வருஷம் அது நூலகத்து அலமாரியில் கிடந்தது.

அதே 1912இல் அதே பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றுக்குப் பகலில் போய்வந்துகொண்டும் இரவில் எழுதிக்கொண்டும் இருந்தார் ஃபிரான்ஸ் காஃப்கா. ஐந்து வருஷம் கழித்து அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. 1924இல், நாற்பது வயதில், நோய் குரல்வளைக்கு ஏறி, விழுங்க முடியாமல் இறந்தார். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருள் அவருடைய ஊரிலேயே, நடந்துபோகும் தொலைவில் பிறந்திருந்தது. நம் புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இதே நோயால் போனார். வயது 42. அந்த மூலக்கூறின் வாய்பாடு அச்சாகி 36 வருஷம் ஆகியிருந்தது. மருந்தாக அது வர இன்னும் நான்கு வருஷம் பாக்கி இருந்தது. இந்த இரண்டு தேதிகளையும் நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதில்லை. வேதியியல் மாணவர்களுக்கு இவர்கள் இருவரும் யார் என்று சொல்வதற்கே தனியாகப் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

ஹான்ஸ் மேயர் யூதர். 1942இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் மாண்டார். தன் கையால் செய்தது என்ன என்று அறியாமலே போனார்.

மருந்து என்று தெரியவந்த கதையிலும் வடிவம்தான் வழிகாட்டியிருக்கிறது. 1945இல் பாரிஸில் வைட்டமின் வகையைச் சேர்ந்த நிகோட்டினமைடு காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் தடுக்கிறது என்று கண்டார்கள். அதிலும் பிரிடின் வளையம் உண்டு. ஜெர்மனியில் டோமாக் என்ற ஆய்வாளர் தயோசெமிகார்பசோன் என்னும் வேறொரு குடும்பத்தை வைத்து அதே கிருமியோடு போராடிக்கொண்டிருந்தார். அதில் அந்த ஒட்டி நிற்கும் நைட்ரஜன்கள் உண்டு. இந்த வளையத்தையும் அந்த வாலையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன என்பது வேதியியலாளருக்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம். பேயர், ரோஷ், ஸ்க்விப் என்று மூன்று நிறுவனங்களுக்கும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தோன்றியது. போகவேண்டிய ஊருக்குப் போகும் பாதையில் இடைத்தங்கலாக ஒரு பொருளைச் செய்தார்கள். சேருமிடத்தைவிட இடைத்தங்கல் பலமடங்கு வீரியமாக இருந்தது. காப்புரிமை கேட்கலாமென்று பழைய ஏடுகளைப் புரட்டினால் 1912இல் மேயரும் மாலியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பொருள் யாருடைய சொத்தும் இல்லை. அதனால்தான் ஏழை நாடுகளுக்கு அது மலிவாகக் கிடைத்தது. பட்டத்துக்காகச் செய்த ஒரு வேலை ஊருக்குப் பொதுக்கிணறானது இப்படித்தான்.

1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் இந்த மருந்தையும் இதன் உடன்பிறப்பு ஒன்றையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், சாப்பாடு கேட்டார்கள், வார்டில் நடனமாடினார்கள். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. இந்த உடன்பிறப்பை நான் விட்டுவிட முடியாது. இப்ரோநியாசிட் என்று பெயர். ஐசோநியாசிட்டின் நுனி நைட்ரஜனில் மூன்று கார்பன் கொண்ட ஒரு சின்னக் கொத்தை ஒட்டவைத்தால் அதுதான். வளையம் அதே, வால் அதே, நுனியில் மட்டும் ஒரு குல்லா. அந்தக் குல்லா போட்டதும் மூலக்கூறு மூளைக்குள் வேறு ஒரு நொதியை முடக்கத் தொடங்கியது. மகிழ்ச்சியோடு தொடர்புள்ள வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதி அது. நோயாளிகளின் உற்சாகம் நெஞ்சு தேறியதால் வந்தது மட்டுமல்ல என்று சிலர் சந்தேகித்தார்கள். 1957இல் நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் அதை மனச்சோர்வுக்குக் கொடுத்தார். மனச்சோர்வு நீக்கி மருந்துகளின் கதை அங்கே தொடங்குகிறது. பிறகு கல்லீரலைக் கெடுத்ததால் அதைக் கைவிட்டார்கள். மூன்று கார்பன்களில் நெஞ்சு மருந்து மனசு மருந்தாகிவிட்டது என்பதை முதல்முறை படித்த அன்று நான் தூங்கவில்லை.

வாலைப் பிடுங்கி வளையத்தில் பக்கத்து மூலைக்கு மாற்றி நட்டால் என்ன ஆகும்? அணுக்கள் அதே 17. எடை அதே 137. ஆனால் கிருமி அதைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்வதே இல்லை. இன்னும் ஒரு மூலை தள்ளி நட்டாலும் அப்படியே. எதிர்மூலையில் நின்றால்தான் மருந்து. மாணவர்கள் இங்கேதான் முதன்முறையாக நிமிர்ந்து உட்காருவார்கள். பொருள் அதே, இடம் வேறு, வேலை போயிற்று.

ஏன் என்று கேட்டால், வழக்கமாகப் பூட்டு சாவி உவமையைத்தான் சொல்வோம். நொதி பூட்டு, பொருள் சாவி என்று 1894இல் எமில் ஃபிஷர் சொல்லிவைத்தது. அழகான உவமைதான். ஆனால் ஐசோநியாசிட்டுக்கு அது பாதிதான் பொருந்துகிறது. நாம் விழுங்கும் ஐசோநியாசிட் எந்தப் பூட்டையும் திறக்கும் சாவி அல்ல. அது சாவியாவதற்கு வேண்டிய இரும்பு. அந்த இரும்பைச் சாவியாக அடித்துத் தருவது கிருமியேதான்.

நம் உடலின் வெள்ளணுக்கள் காசநோய்க் கிருமியை விழுங்கியதும் அதன்மீது ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றுகின்றன. அதைத் தாங்கிக்கொள்ள கிருமி ஒரு கேடயம் வைத்திருக்கிறது. கேட்-ஜி என்று பெயரிடப்பட்ட ஒரு நொதி. பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துப் போட்டுவிடும். கேடயத்தில் ஒரு குறுகலான வாய் உண்டு. பெராக்சைடுக்காக வைத்த அந்த வாய்க்குள் ஐசோநியாசிட்டும் நுழைகிறது. நுழைந்ததும் அந்தத் துடிக்கும் நுனி நைட்ரஜனிலிருந்து எலெக்ட்ரான் பறிபோகிறது. இரட்டை நைட்ரஜன் உதிர்ந்து விழுகிறது. மிஞ்சும் வளையத்துண்டு வெறிபிடித்ததுபோல் யாரையாவது பற்றிக்கொள்ளத் தேடுகிறது. பக்கத்தில் கிடைப்பது என்.ஏ.டி. என்னும் துணைப்பொருள், எல்லா உயிர்களும் வைத்திருப்பது. அதன் தலையில் இருப்பதும் நிகோட்டினமைடு வளையமே. 1945இல் எந்தப் பொருளிலிருந்து தேடலைத் தொடங்கினார்களோ அதே பொருள். இரண்டு வளையங்களும் ஒட்டிக்கொள்கின்றன. இப்படி உண்டான கலப்புப் பொருள்தான் கடைசியில் சாவி. அது கிருமியின் மெழுகுச் சுவருக்கு நீண்ட கொழுப்புச் சங்கிலிகளை இழைத்துத் தரும் இன்ஹெச்-ஏ என்ற நொதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கிறது. 1998இல் அந்த நொதியின் படிகத்தை எக்ஸ்ரேயில் பார்த்தபோது உள்ளே உட்கார்ந்திருந்தது எந்த வேதியியலாளரும் தயாரித்த பொருள் அல்ல. மருந்தின் பாதியும் கிருமியின் பாதியும் சேர்ந்த ஒன்று.

சுவர் கட்டுகிற கிருமிக்குத்தான் இது எமன். சுவர் கட்டாமல் சுருண்டு உறங்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. ஆறு மாதம் மருந்து சாப்பிடச் சொல்வதற்கு அந்த உறங்குமூஞ்சிகளும் ஒரு காரணம்.

மருந்தின் வடிவத்தைப் பற்றிப் பேசும்போது நாம் மனிதன் செய்த வடிவத்தை மட்டுமே பேசுகிறோம். கிருமியும் வடிவம் மாற்றத் தெரிந்ததுதான். அதன் கேட்-ஜி 740 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. 315ஆவது மணி செரின். அதற்குப் பதிலாக அந்த இடத்தில் திரியோனின் வந்துவிட்டால் போதும். செரினுக்கும் திரியோனினுக்கும் வித்தியாசம் ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும். அந்த அற்ப எடை சேர்ந்ததும் கேடயத்தின் வாய் இன்னும் கொஞ்சம் குறுகுகிறது. பெராக்சைடு உள்ளே போகிறது, ஐசோநியாசிட் போக முடியவில்லை. கேடயமும் வேலை செய்கிறது, மருந்தும் சாவியாகவில்லை. உலகெங்கும் ஐசோநியாசிட்டுக்கு அடங்காத காசநோயில் அடிக்கடி அகப்படுவது இந்த மாற்றம்தான். ஒரு மூலக்கூறின் நுனியில் மூன்று கார்பன் ஒட்டி நாம் ஒரு புதிய மருந்து கண்டோம். ஒற்றைக் கார்பன் சேர்த்து அது நம் பழைய மருந்தை அழித்தது. திறமையில் யார் குறைந்தவர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

கிருமிக்கு முன்பே அந்த வால்நுனிமேல் கைவைக்கிறவர் இன்னொருவர் இருக்கிறார். நம் கல்லீரல். அங்கே நாட்-2 என்று ஒரு நொதி. வருகிற பொருளின் நைட்ரஜன் நுனியில் அசெடைல் என்ற இரண்டு கார்பன் மூடியை மாட்டுவது அதன் வேலை. ஐசோநியாசிட்டின் நுனியில் அந்த மூடி விழுந்ததும் கிருமியால் அதை உடைக்க முடியாது. மருந்து செத்த மருந்து. சிறுநீரில் போய்விடும்.

இந்த மூடி மாட்டும் வேகம் எல்லாருக்கும் ஒன்றல்ல. 1960இல் டேவிட் பிரைஸ் எவன்ஸும் கூட்டாளிகளும் குடும்பம் குடும்பமாக ஆட்களுக்கு ஐசோநியாசிட் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று அளந்தார்கள். வரைபடத்தில் ஒரு திமில் வரவில்லை, இரண்டு திமில் வந்தது. மனிதர்கள் இரண்டு வகை. சீக்கிரம் செலவழிக்கிறவர்கள், மெதுவாகச் செலவழிக்கிறவர்கள். பிறப்பிலேயே எழுதப்பட்டது. ஜப்பானியரில் மெதுவானவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். தென்னிந்தியரில் பாதிக்கும் மேல்.

நம்மைப் பற்றி இது தெரிந்ததற்குக் காரணம் சென்னை. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. மலைக்காற்று, முட்டை, பால், முழு ஓய்வு என்று சானடோரியத்தில் படுக்கவைத்தால்தான் டி.பி. குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் பாதிப் பேரைக் குடிசையிலேயே விட்டும் ஐசோநியாசிட்டும் பி.ஏ.எஸ். என்ற இன்னொரு டி.பி. மருந்தும் ஒரு வருஷம் கொடுத்தார்கள். குடிசையில் நெரிசல், அரை வயிற்றுச் சாப்பாடு, ஓய்வே இல்லாத உழைப்பு. 1959இல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். உலகின் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதற்கு இந்த ஊர்க் குடிசைகளின் சாட்சியும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் நடந்த அறிவியல் வேலைகளில் உலகத்துக்கு இவ்வளவு பயன்பட்டது மிகச் சில. நம் பிள்ளைகளின் பாடநூலில் இதற்கு ஒரு பக்கமாவது கிடைக்க வேண்டும்.

தினமும் மாத்திரை கொடுக்க வசதியில்லாத இடங்களுக்காக வாரம் ஒருமுறை கொடுத்தால் போதுமா என்றும் அந்த மையம் ஆராய்ந்தது. வாரம் இரண்டுமுறை என்றபோது இரண்டு வகையினரும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறினார்கள். வாரம் ஒருமுறை என்றபோது வேகமாகச் செலவழிக்கிறவர்கள் பின்தங்கினார்கள். ஒரே மாத்திரை, ஒரே அளவு. ஒருவர் உடலில் நாள் முழுக்க மருந்து, இன்னொருவர் உடலில் சாயங்காலத்துக்குள் வெறும் கழிவு. மூலக்கூறின் படத்தை எவ்வளவு துல்லியமாக வரைந்தாலும் இந்த வித்தியாசம் படத்தில் தெரியாது. அதைப் படிக்கும் உடலையும் பக்கத்தில் வரைந்தாக வேண்டும்.

அப்படியானால் மெதுவானவர்கள் அதிர்ஷ்டசாலிகளா? 1960இல் அதே சென்னை மையத்திலிருந்து தேவதத்தாவும் கூட்டாளிகளும் எழுதிய இன்னொரு கட்டுரை வந்தது. அதிக அளவில் ஐசோநியாசிட் பெற்றவர்களுக்குக் கால் எரிச்சல், மதமதப்பு, உணர்விழப்பு. பெரும்பாலும் யாருக்கு? மெதுவாகச் செலவழிக்கிறவர்களுக்கு. கல்லூரி நூலகத்தில் அதைப் பற்றிப் படித்தபோது மாமாவின் தறிச்சத்தம் காதில் கேட்டது. அவர் நின்ற இடம் எந்தத் திமில் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. எனக்குச் சந்தேகமும் இல்லை.

வால்நுனிமேல் கைவைக்கிற மூன்றாவது ஆள் வைட்டமின் பி6. அதுவும் பிரிடின் வளையம்தான், ஐசோநியாசிட்டுக்குத் தூரத்துச் சொந்தம். உடலில் வேலை செய்யும் வடிவத்தில் அதன் ஓரத்தில் ஆல்டிஹைடு என்ற கொக்கி இருக்கும். அந்தக் கொக்கியால் நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளை உடல் முடித்துக்கொள்கிறது, நரம்புகளின் பராமரிப்பும் மூளையை அமைதிப்படுத்தும் பொருளைத் தயாரிப்பதும் அவற்றில் அடக்கம். ஆல்டிஹைடையும் ஹைட்ரசின் நுனியையும் ஒரு குடுவையில் போட்டால் அவை இணைந்துகொள்ளும் என்பது இரண்டாமாண்டு ஆய்வகத்தில் நான் கையாலேயே செய்த சோதனை. மஞ்சளாக வீழ்படிவு இறங்கும், மதிப்பெண் கிடைக்கும். மாமாவின் உடலில் நடந்தது அதுவேதான். அவருடைய கொக்கிகளையெல்லாம் மருந்தின் நுனி ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு வெளியே போய்விட்டது. முதுகெலும்பிலிருந்து மிக நீளமாக ஓடும் நரம்புகள் காலுக்குப் போகிறவை. பஞ்சம் வந்தால் முதலில் வாடுவது கால்வாயின் கடைமடைதானே.

‘பக்கவிளைவு’ என்ற சொல்லின்மீது எனக்கு வருத்தம் உண்டு. ஏதோ நடுவில் ஒரு நல்ல வேலை நடப்பதுபோலவும் ஓரத்தில் தற்செயலாக ஏதோ சிந்திவிட்டதுபோலவும் அது சொல்கிறது. ஐசோநியாசிட்டில் ஓரமே இல்லை. கிருமி உடைப்பது அந்த நுனியை. கல்லீரல் மூடுவது அந்த நுனியை. வைட்டமின் சிக்கிக்கொள்வது அந்த நுனியில். நுனியை மாற்றினால் கால் பிழைக்கும், நெஞ்சு போய்விடும்.

எல்லா மருந்திலும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே டி.பி. கூட்டுச் சிகிச்சையில் எத்தாம்பியூட்டால் என்ற மருந்து உண்டு. அதற்கு இடக்கை வலக்கைபோலக் கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் உண்டு. ஒரு கை கிருமியைத் தடுக்கிறது. மறு கை கிருமிக்கு ஏறத்தாழ ஒன்றுமே செய்வதில்லை, ஆனால் கண் நரம்பைக் கெடுப்பதில் மட்டும் சளைத்ததல்ல. அந்தக் கையை வெட்டியெறிந்துவிட்டுத்தான் மருந்தைத் தயாரிக்கிறார்கள். அங்கே வேதியியலாளரின் கத்திக்கு இடம் இருந்தது. ஐசோநியாசிட்டில் நன்மையும் தீமையும் ஒரே அணுவில் குடியிருப்பதால் கத்திக்கு இடமில்லை. 70 வருஷத்துக்கு மேலாக அந்த மூலக்கூறை மேம்படுத்த முயன்ற யாரும் அதை மாற்றி வெற்றி பெறவில்லை. மூலக்கூறை மாற்ற முடியாத இடத்தில் உடலுக்குத் துணை அனுப்பலாம். பறிபோகும் பி6க்கு ஈடாக நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் பி6. அவ்வளவுதான் மாற்று. மிளகைவிடச் சற்றுப் பெரிய மாத்திரை.

மாமாவுக்கு யாரோ ஒரு மருத்துவர் கேட்ட முதல் கேள்வியிலேயே விஷயம் வெளியே வந்தது. சின்ன மாத்திரையை அவரே சாப்பிடத் தொடங்கினார், மருத்துவர் அளவையும் கூட்டினார். ஐசோநியாசிட்டை நிறுத்தவில்லை. எரிச்சல் சில வாரங்களில் தணிந்தது. உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பியது. டி.பி. முழுதாகக் குணமானது. பிறகு இருபது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தார். இடது காலின் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் கடைசிவரை அவரிடம் திரும்பவில்லை. குளிக்கும்போது அவற்றைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது டி.பி. மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், இருமல் குறைந்ததா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். உள்ளங்கால் எரிகிறதா, விரல் மதமதப்பாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர்களுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், குடிப்பழக்கம் இருந்தால், கர்ப்பிணியாகவோ பால் கொடுக்கும் தாயாகவோ இருந்தால், உடம்பு மெலிந்திருந்தால் இரண்டு தரம் கேளுங்கள். ஆமாம் என்றால் மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கூடவே கொடுத்த சின்ன மாத்திரையை யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்க மறக்காதீர்கள்.